கருப்பி சுமந்த மூட்டை

மாதா கோவிலுக்குப் புதுச் சுவர் எழுப்ப இரண்டு கழுதைகள் தலைக்கு இரண்டு மூட்டையாக மணல் சுமந்தன. மூத்தது செவலை, இளையது கருப்பி. செவலைக்குப் பின்னங்கால் வீங்கி ஒரு மாதமாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசையின்போது இரண்டும் ஜன்னலோரம் நின்றன. உழைத்து நலிந்தவர்களின் பாரத்தை வலுவுள்ளவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று சாமியார் பிரசங்கம் வைத்தார். அவற்றின் முதலாளி அருளப்பன் முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டீங்களா அக்கா? நாளையிலேருந்து உங்க மூட்டையில ஒண்ணை நான் சுமக்கிறேன்," என்றது கருப்பி.

"அது மனுசங்களுக்குச் சொன்னதுடி."

"யாருக்குச் சொன்னா என்ன?"

மறுநாள் செவலைமேல் இரண்டாவது மூட்டையை வைக்கப்போனபோது கருப்பி குறுக்கே புகுந்து தன் முதுகைக் கொடுத்தது. அருளப்பன் சிரித்துக்கொண்டே அதன்மேல் ஏற்றினார். மூன்று நாள் இப்படியே நடந்தது. செவலையின் கால் வீக்கம்கூட லேசாக வடிந்தது.

நான்காம் நாள் அருளப்பன் கருப்பியின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். "இவ ஒருத்தியே போதும் போலிருக்கே," என்றார். மதியமே கறிக்கடை வண்டி வந்தது. செவலையை இழுத்து ஏற்றினார்கள்.

"அக்கா! நான் சும்மா இருந்திருந்தா உங்களை வச்சிருப்பாரே!" என்று கதறியது கருப்பி.

"சும்மா இருந்திருந்தா நான் வழியிலேயே விழுந்திருப்பேன்டி. அழாதே," என்றது செவலை.

கருப்பி அதை நம்பவில்லை. வண்டி போனதும் அருளப்பன் நான்கு மூட்டைகளையும் அதன் முதுகில் ஏற்றினார்.