போர்வைக்கு வெளியே ஒரு கால்

“மூச்சு விடக் கூடாது!” என்று மகளை மிரட்டிவிட்டு அவள் போர்வையை இழுத்துப் போர்த்தினாள். தலையும் உடம்பும் மறைந்துவிட்டன. ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது.

அவசர அவசரமாக இரண்டு தலையணைகளை அதன்மேல் சாத்தினாள். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் கையில் கோப்போடு, கதவு எண்களைப் பார்த்துக்கொண்டே தெருவில் வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்ததிலிருந்து இந்த ஓட்டம்தான்.

“அம்மா, டகடகாவுக்குக் காய்ச்சலா? ஏன் போர்த்திவிடறே?” என்றாள் நாலு வயது மகள். தையல் மெஷினுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் அது.

“ஆமா, காய்ச்சல். தூங்குது. வர்ற ஆன்ட்டி முன்னாடி அதோட பேரை எடுத்தே, தோலை உரிச்சுடுவேன்!”

நர்சரிப் பள்ளிக் கட்டணத்தில் பாதியை அரசாங்கம் கொடுக்கிறது என்று சொன்னதும், விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்ததும் மாடி வீட்டு அக்காதான். “துணி தைக்கறேன்னு மட்டும் வாயைத் திறந்துடாதே. உனக்கு நாலு காசு வருதுன்னு தெரிஞ்சா அப்பவே வெட்டிடுவாங்க. பொய் சொன்னது தெரிஞ்சா கேஸே போட்டுடுவாங்க” என்று எச்சரித்தும் வைத்திருந்தாள். விண்ணப்பத்தின் பின்பக்கம் பூராவும் பொடி எழுத்து. அதை அக்காவும் படிக்கவில்லை, இவளும் படிக்கவில்லை. அக்கா சொன்னால் அரசாங்கமே சொன்ன மாதிரி.

பணம் கட்டும்வரை பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று பள்ளியில் சொல்லி நாலு நாளாகிறது. நாளைக்கும் கட்டாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். வேன் ஓட்டும் கணவனின் சம்பளம் வாடகைக்கும் வயிற்றுக்குமே சரியாக இருந்தது.

கதவு தட்டப்பட்டது.

விண்ணப்பத்தை விசாரிக்க வந்த அந்த அதிகாரி அம்மாள், வீட்டில் இருந்த ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

“வீட்டுக்காரர் வேன் ஓட்டறார். சரி. நீங்க என்ன பண்றீங்க?”

“சும்மாதான் மேடம் இருக்கேன்.”

“சும்மான்னா?”

“சமைக்கிறது, துவைக்கிறது... வேற ஒண்ணும் இல்லை.”

அதிகாரியின் பார்வை அவள் கழுத்தில் நின்றது. அவள் கையை வைத்துப் பார்த்தாள். அளவெடுக்கும் டேப்! மாலை போட்டுக்கொண்ட மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. பேச்சுவாக்கில் எடுப்பதுபோல் உருவிக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

“நாள் பூரா வீட்டுலயே இருக்கீங்கன்னா, பிள்ளையை எதுக்கு ஸ்கூல்ல விடணும்?”

போன வருஷம் இவள் மும்முரமாகத் தைத்துக்கொண்டிருந்தபோது குழந்தை ஊசிக்குக் கீழே விரலை விட்டுவிட்டாள். அந்த அலறல் இன்னும் காதில் இருக்கிறது. அதை எப்படிச் சொல்வது?

“நாலு பிள்ளைங்களோட பழகட்டும்னுதான் மேடம்.”

அதிகாரி குழந்தையின் கையைப் பிடித்துப் பார்த்தார். “விரல்ல என்ன தழும்பு?”

“கதவு இடுக்குல நசுங்கிடுச்சு.”

“இல்லை, டகடகா கடிச்சுது!” என்றாள் மகள்.

“டகடகாவா?”

“நாய்... பக்கத்து வீட்டு நாய், மேடம்.”

“கதவா, நாயா?”

அவள் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். குழந்தையின் இடம் போவது இருக்கட்டும், தன்னைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டால் இவளை யார் பார்த்துக்கொள்வார்கள்?

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “கடைசியாக் கேட்கறேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேலைன்னு எதுவுமே பார்க்கலையா? கொஞ்சம்கூடவா இல்லை?”

அந்தக் குரலில் கொஞ்சம் கெஞ்சல்கூட இருந்தது. பயந்து போயிருந்தவளுக்கு எல்லாமே மிரட்டலாகத்தான் கேட்டது.

“சத்தியமா இல்லை மேடம்!”

அதிகாரி பெருமூச்சு விட்டார். விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தில் குறுக்காகக் கோடு போட்டுவிட்டு எழுந்தார்.

அப்போதுதான் மூலையில் தொப்பென்று சத்தம் கேட்டது. தலையணைகள் கீழே கிடந்தன. மகள் போர்வையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

“பாவம்மா, அதுக்கு வேர்க்குது.”

போர்வை நழுவி விழுந்தது. ஊசியில் பாதி தைத்த சட்டையோடு மெஷின் அம்மணமாக நின்றது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அழுகையாக வந்தது.

“மன்னிச்சிடுங்க மேடம். தைக்கிறேன். விடிஞ்சதுலேர்ந்து தைக்கிறேன். இவ விரலைக் கடிச்சது இந்த மெஷின்தான். அதனாலதான் ஸ்கூல்ல விடறேன். பெருசா ஒண்ணும் வர்றதில்லை. என்மேல கேஸ் வேணும்னாலும் போடுங்க. பிள்ளையோட படிப்பை மட்டும் வெட்டிடாதீங்க!”

அதிகாரி மெஷினைப் பார்த்தார். அவள் கையிலிருந்து வழிந்து கிடந்த டேப்பைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த விண்ணப்பத்தை நாலாகக் கிழித்தார்.

“ஐயோ மேடம், கிழிச்சுட்டீங்களே!”

அதிகாரி பையிலிருந்து புது விண்ணப்பம் ஒன்றை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி, பொடி எழுத்தின் முதல் வரியில் விரலை வைத்துக் காட்டினார்.

“வேலை பார்க்கிற அம்மாவுக்குத்தாம்மா இந்தப் பணமே!”