இடது கையில் மூன்று விரல்

"லோஜன், அப்பாவோட இடது கையில ஒரு விரல் குறையுது. நீங்க கவனிக்கலயா?"

கொழும்பிலிருந்து ஷிராணி மிஸ் ஃபோனில் கேட்டார். சிறுவர் தொடருக்கு அவர்தான் பொறுப்பு. ஓர் அப்பாவும் மகனும் சேர்ந்து ஊர் சுற்றும் கார்ட்டூன் அது. இரண்டு பேரையும் வரைபவன் நான்.

கார்ட்டூனில் எல்லோருக்கும் கைக்கு நான்கு விரல்தான். வரைகிறவர்களின் வழக்கம் அப்படி, யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. என்னுடைய கார்ட்டூன் அப்பாவுக்கு மட்டும் இடது கையில் மூன்று.

வேண்டுமென்றேதான் அப்படி வரைந்தேன் என்றேன்.

"சின்னப் பிள்ளைங்க பயந்துருவாங்க. நாலு மணிக்குள்ள திருத்தி அனுப்புங்க. இல்லாட்டி வேற ஆளுக்குத்தான் குடுக்க வேண்டி வரும்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்தத் தொடரில் மாடு சைக்கிள் ஓட்டுகிறது. பூசணிக்காய் கல்யாணம் கட்டுகிறது. அதற்கெல்லாம் கைதட்டும் பிள்ளைகள் ஒரு விரலுக்கா பயந்துவிடப் போகிறார்கள்?

கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில், பிள்ளைகள் யாரும் என் அப்பாவின் இடது கையைப் பார்த்துப் பயந்ததில்லை. எனக்கு ஸ்கூல் டை கட்டிவிட்ட கை அது. விடியற்காலையில் ரொட்டி தட்டிய கையும் அதுதான்.

ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. லெப்டொப்பில் கையசைத்தபடி நின்ற கார்ட்டூன் அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் இடது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் அப்பாவை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஒரு காலத்தில் பேர். ஒரு நாள் விரல் போனது. கத்தி வழுக்கிவிட்டது என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் அப்பாவே சொன்னார். காயம் ஆறியதும் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு அவரைப் புல்வெட்ட அனுப்பினார்கள். கத்தி பிடிக்கத் தெரியாத கவ்வாத்துக்காரன் என்று லயம் இருபது வருடமாகச் சிரிக்கிறது. அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் அந்தச் சிரிப்பைத் தாங்க முடிவதில்லை.

"அவங்க கேக்குற வெரல வரஞ்சி குடுத்துருப்பா," என்றார் அப்பா. "என் கத்தி வழுக்குன கத ஊருக்கெல்லாம் எதுக்கு?"

முடியாது என்றேன். ஷிராணி மிஸ்ஸிடமும் அதையே சொன்னேன். இந்த வேலை போனால் எனக்குத் திரும்பவும் ஹட்டன் ஃபோட்டோக் கடைதான். போகட்டும்.

நாலு மணிக்கு ஒரு படம் அனுப்பினேன். திருத்திய படம் அல்ல, புதியது. அடுத்த பாகத்தை இங்கிருந்து தொடங்கலாம் என்று கீழே எழுதினேன். விரல்களை எண்ணிப் பாருங்கள் மிஸ், இதில் கணக்கு சரியாக இருக்கும் என்றும் எழுதினேன்.

கவ்வாத்து நடக்கும் தேயிலை மலை. அப்பா வலது கையில் டீக் கோப்பையோடு நிற்கிறார். இடது கையைச் செடியின் மேல் ஊன்றியிருக்கிறார். அதில் நான்கு விரலும் இருக்கின்றன.

"டேய், வேணாம்டா," என்று அப்பா என் தோளைப் பிடித்தார். அதற்குள் படம் போய்விட்டது.

கத்தியை மட்டும் அன்று அது இருந்த இடத்திலேயே வரைந்திருந்தேன். ஆறு வயது மகனின் கையில்.