உப்பளத்துச் சரள் ரோடு

"ராமரண்ணா, உங்க ஊருக்குப் போற ரோட்டைக் கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க. மெயின் ரோட்டுல இருந்து எப்படி உள்ளார போகோணும்?"

ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்த ராமரை எழுப்பிக் கூட்டிவந்து, பனியன் கம்பெனி வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்திக் கேட்டான் தமிழ்செல்வன். முதலாளியே வந்து கூப்பிட்டால் தைத்த பீஸில் ஏதோ கோளாறு என்றுதான் அர்த்தம். பயந்துகொண்டே வந்த ராமருக்கு இப்போதுதான் மூச்சே வந்தது.

"அட, நெசமாவே கெளம்பிட்டியளா மொதலாளி?"

தமிழ்செல்வனுக்குச் சைக்கிள் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், கியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கூட்டாளிகளோடு அவிநாசிப் பக்கம் மண் ரோடு, சரள் ரோடு என்று தேடித் தேடிப் போவான். நல்ல தார் ரோடு இருக்கும்போது கல்லிலும் முள்ளிலும் போய் இடுப்பை ஒடித்துக்கொள்வானேன் என்று டெய்லர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். 'உங்க ஊர்க் கடற்கரைப் பக்கம் ஒருநாள் சைக்கிள்ல வரோணும்ங்க' என்று ராமரிடம் அவனே பலமுறை சொன்னதுதான்.

ராமர் குஷியாகிவிட்டார்.

"தூத்துக்குடியில இருந்து திருச்செந்தூர் ரோட்டுல வந்தியன்னா எங்க ஊர் விலக்கு வரும். அங்கன ஒரு டீக்கடை உண்டு. அதுல திரும்பிக் கெழக்க வரணும். சரள் ரோடு, ரெண்டு பக்கமும் உப்பளம். எதுத்த காத்து மூஞ்சியில அறையும், சைக்கிள் நவுராது. பைய மிதிக்கணும். அப்புறம் தேரி வந்துரும், பூரா செவப்பு மணலு. டயர் பொதையும், எறங்கி உருட்டித்தான் ஏத்தணும். மேல ஏறிட்டியன்னா கடல் தெரியும் பாத்துக்கிடுங்க. உங்க கூட்டாளிமாரு சொக்கிப் போயிருவாவ."

"அதுல வேன் போகுங்களா?"

"வேன் எதுக்கு மொதலாளி?"

"கூட ஆளுங்க வர்றாங்க. வேன்லதான் போகோணும்."

சைக்கிளையெல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே இறக்கி ஓட்டுவார்கள் போலிருக்கிறது. காசுள்ளவர்கள் விளையாட்டு, நமக்கென்ன என்று நினைத்துக்கொண்டார் ராமர்.

"ஓடையில தரைப்பாலம் போன மழையில அரிச்சுட்டுப் போயிட்டு மொதலாளி. சைக்கிள் போவும், வேன் போவாது. வேன்னா தெக்க சுத்தி அம்மன் கோயில் பாதையில வரணும். கல்லுப் பாதை, தூக்கித் தூக்கிப் போடும்."

"ரொம்பவுங்களா?" என்றான் தமிழ்செல்வன். "மெதுவாப் போனா?"

"மெதுவாப் போனா ஒண்ணும் ஆவாது."

அவன் செல்போன் அடித்தது. "வழிதானுங்க கேட்டுட்டு இருக்கறேன்" என்று சொல்லி வைத்தான். பிறகு, "ஊர்ல உங்களுக்கு யாருங்க இருக்காங்க?" என்றான்.

"எங்க அக்கா இருக்கா. எம்மவ அபிராமி அவகிட்டத்தான வளருதா."

மகள் பேரைச் சொன்னதுமே ராமருக்கு முகம் வாடிவிட்டது.

"பொங்கலுக்குப் பாத்தது மொதலாளி. நாங்க ரெண்டு பேரும் வேலைக்கு வந்துட்டா லைன் வீட்டுல வச்சு அவள யாரு பாப்பா? அதான் அங்கன விட்டோம். இப்ப எங்க அக்காவத்தான் அம்மாங்கா. அன்னைக்குச் செல்லத்தாய் போன்ல பேசுனா, 'நீ யாரு'ன்னு புள்ள கேட்டுட்டு. இவ ராத்திரி சோறே திங்கல."

செல்லத்தாய் ராமரின் மனைவி. பெருமாநல்லூரில் வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை. ஆவணியில் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஷிப்மெண்ட் போகட்டும் என்று ராமருக்கு லீவு தராதவன் இதே தமிழ்செல்வன்தான். புருஷனை விட்டுத் தனியாகப் போக மனசில்லாமல் அவளும் இருந்துவிட்டாள். அந்தக் குறை அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"நீங்களும் வாங்கண்ணா. இப்பவே கெளம்பறோம்" என்றான் தமிழ்செல்வன்.

"நானா? ஷிப்மெண்ட் கெடக்கே மொதலாளி."

"கெடக்கட்டும்ங்க."

இந்த வாயிலிருந்து இப்படியொரு வார்த்தையை ராமர் கேட்டதே இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொன்றும் கேட்க ஆசை. கேட்டால் உள்ளதும் போய்விடுமோ என்று பயம். அக்காவை அம்மா என்று கூப்பிடும் பிள்ளை நினைவுக்கு வந்தது. கேட்டுவிட்டார்.

"தப்பா நெனைக்காதீய மொதலாளி. வேன்ல எடம் இருந்தா செல்லத்தாயும் வரட்டுமா? ஒரு மூலையில ஒக்காந்துக்கிடுவா. அவ கம்பெனியில லேசுல விடமாட்டாவ. நீங்க ஒரு வார்த்தை சொன்னியன்னா விட்டுருவாவ."

"அவங்க கம்பெனியில பேசிட்டனுங்க."

"பேசிட்டியளா!" ராமர் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க நல்லா இருக்கணும் மொதலாளி. புள்ளைய ஒருதரம் மடியில போட்டுக்கிட்டான்னா போதும், அவ தேறிருவா. நான் போய் அவளக் கூட்டியாந்துருதேன்."

நகரப் போனவரின் இரண்டு கைகளையும் தமிழ்செல்வன் இறுகப் பிடித்துக்கொண்டான்.

"அவங்களைக் கொண்டு போறதுக்குத்தானுங்கண்ணா வழியே கேட்டேன். ஆஸ்பத்திரி வாசல்ல ஆம்புலன்ஸ் நிக்குதுங்க... காலையில பெருமாநல்லூர்ல ரோட்டைத் தாண்டறப்ப லாரி அடிச்சு, செல்லத்தாயக்கா அங்கயே போயிட்டாங்க."