கேட்டவர்: ஒருவர்

"இன்னிக்கோட நிறுத்திடறேன். இதான் கடைசி."

குரல் துணி அலமாரிக்குள்ளிருந்து வந்தது. கட்டிலில் உட்கார்ந்து ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு அது பழகிப்போன விஷயம். இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் மனைவி தொங்கும் சட்டைகளுக்கு நடுவே புகுந்து கதவைச் சாத்திக்கொள்வாள். அந்த வாரம் படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசி, பாட்காஸ்ட்டாகப் பதிவு செய்வாள். துணிகள் எதிரொலியை விழுங்கிவிடுமாம்.

வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்தாள்.

"ஏன் திடீர்னு?" என்றார் அவர்.

"திடீர்னா? இதோட நூத்தி ரெண்டு பதிவு. ஒவ்வொண்ணையும் கேட்டவங்க ஒரே ஒருத்தர். ரெண்டாவது ஆளே கிடையாது. அந்த ஒருத்தர் நீங்கதானே?"

"சத்தியமா இல்ல. ரெண்டாவது நிமிஷமே எனக்குக் கண்ணைச் சுழட்டிடும்."

"பொய். பாவம்னு போட்டுக் கேக்கறீங்க."

"என் பொறுமை மேல உனக்கு இவ்வளவு நம்பிக்கையா?"

அவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே மனசு விட்டுப்போயிருந்தது. பேரும் புகழும் அவள் கேட்கவில்லை. படித்ததைப் பற்றி வாதாட ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அவள் வேலை பார்ப்பதோ பல் டாக்டரின் வரவேற்பறையில். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் போய்ப் புத்தகம் பேச முடியுமா? அதனால்தான் ஒவ்வொரு பதிவின் முடிவிலும், 'நான் சொன்னது தப்புன்னு பட்டா எழுதுங்க' என்று கெஞ்சுவாள். எல்லாம் கிணற்றில் போட்ட கல். இதுவரை ஒரு வரி வந்ததில்லை.

"சரி, போன வாரம் என்ன புத்தகம்?" என்று சமாதானத்துக்கு இறங்கினார் மெக்கானிக்.

"கண்ணு தெரியாத ஒருத்தர். அவர் பொண்டாட்டி, எனக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கலன்னு இருபது வருஷமா அவர்கிட்ட சொல்லிட்டே இருக்கா. அது பொய் இல்ல, அன்புன்னு பேசினேன்."

"சரியாத்தானே பேசியிருக்கே."

"பாத்தீங்களா? எதுக்கெடுத்தாலும் சரிம்பீங்க. உங்ககிட்ட எப்படிச் சண்டை போடறது?"

மெக்கானிக் அதற்கும் சரி என்றுதான் தலையாட்டினார்.

பதிவு செய்துவிட்டாளே தவிர, விடைபெறும் அந்தப் பேச்சை வெளியிட அன்று கை வரவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போனை மூடி வைத்தாள்.

மறுநாள் மதியம், தைக்கக் கொடுத்திருந்த வெள்ளைக் கோட்டுகளை வாங்கி வரச் சொன்னார் டாக்டர். அவள் அங்கே போவது அதுதான் முதல் தடவை. சந்துக்குள் நுழைந்து மூன்று மாடி ஏறினால் நீளமான தையல்கூடம். முப்பது மிஷின்கள் கடகடத்துக்கொண்டிருந்தன.

"பல் டாக்டர் கோட்டு வாங்க வந்தேன்," என்றாள் மேற்பார்வையாளரிடம்.

அவர் காதருகே கையைக் குவித்து, கேட்கவில்லை என்று ஜாடை காட்டினார்.

அலமாரிக்குள் பேசுவது போலவே நிறுத்தி, நிதானமாக, மறுபடியும் சொன்னாள். "பல் டாக்டர் கோட்டு. ஆறு கொடுத்திருந்தோம்."

முன்வரிசையில் ஒரு மிஷின் நின்றது. பக்கத்து மிஷின் நின்றது. பிறகு கூடம் மொத்தமும் அடங்கிப்போனது. முப்பது பேரும் தலையைத் தூக்கி அவளையே பார்த்தார்கள். கோட்டுகளை எங்கேயோ தொலைத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மேற்பார்வையாளர் மெதுவாக எழுந்து, தன் போனிலிருந்து சுவர் ஸ்பீக்கருக்குப் போகும் வயரைக் காட்டினார். "வாராவாரம் இந்த ஒரு போன்ல போட்டுத்தான் நாங்க அத்தனை பேரும் உங்களைக் கேக்கறோம்மா. எழுதிப் போடணும்னுதான் நினைப்போம், ஆனா என்ன எழுதறதுன்னு எங்களுக்குள்ளயே அடிதடி."

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கையும் கத்தரிக்கோலுமாக எழுந்து வந்தாள். "நல்லவேளை, நேர்லயே மாட்டினீங்க. அந்த நரை விஷயத்துல நீங்க சொன்னது சுத்தத் தப்புக்கா, அது அன்பு இல்ல, பயம்."