கீறல் இல்லாமல்

கேட்டை உள்பக்கமாகப் பூட்டினான் ஜெயராஜ். தெருவில் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஷேவிங் பிளேடோடு காரின் பின்னால் போய்க் குந்தினான்.

பிளேடு டிக்கியில் படுவதற்குள் திலகவதி ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டாள். "இன்னாங்க பண்றீங்க? நேத்துதானே வண்டிய எடுத்துகினு வந்தோம்?"

அது அவர்களுடைய சொந்தக் கார்தான். சாதா மாடலே போதும் என்று ஷோரூமில் கணவன் இழுத்தபோது, வாங்கறதே ஒரு தடவை, அதுல என்ன பாதி ஆசை என்று கேட்டவள் திலகவதி. டீச்சர் வேலையில் அவள் சேர்த்து வைத்ததுதான் முன்பணமாகப் போனது. டாப் மாடலுக்கு மட்டும் ஒட்டுகிற வெள்ளி எழுத்துகள் டிக்கியின் ஓரத்தில் பளபளத்தன. அதைத்தான் ஜெயராஜ் பெயர்க்கப் பார்த்தான்.

காரணம், பரசுராமன். கும்மிடிப்பூண்டியில் ஜெயராஜ் சூப்பர்வைசராக இருக்கும் பைப் ஃபேக்டரியின் மேனேஜர். அவரிடமும் இதே கார்தான், ஆனால் எழுத்து இல்லாத சாதா மாடல், அதுவும் பழசு. ஒரு வாரமாக அதையும் காணோம்; கம்பெனி ஜீப்பில்தான் வந்து போனார். கார் சர்வீசுக்குப் போயிருப்பதாக டிரைவர் சொன்னான்.

தன்னைவிட யார் ஒரு படி மேலே போனாலும் பரசுராமனுக்கு ஆகாது என்று ஃபேக்டரி முழுக்கப் பேச்சு. ஸ்டோர்ஸ் ஆதிநாராயணன் மாடி வைத்துப் பெரிய வீடாகக் கட்டி, கிரகப்பிரவேசத்துக்கு அவரையே முன்னால் நிறுத்தினான். மனுஷன் நன்றாகச் சாப்பிட்டார், வாழ்த்திவிட்டுப் போனார். அடுத்த மாதமே ஆதிநாராயணனைப் பழைய இரும்பு கொட்டுகிற ஸ்கிராப் யார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஜெயராஜின் பெயர் பிரமோஷனுக்குப் போயிருப்பது இந்த வருஷம்தான். கையெழுத்துப் போட வேண்டியவர் பரசுராமன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியென்றால் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள் என்றாள் திலகவதி. திங்கட்கிழமை காரில் வருவதாகச் சொல்லி எல்லாரிடமும் ஸ்வீட்டுக்கு ஒத்துக்கொண்டாகிவிட்டது என்றான் அவன்.

"எழுத்துதானே திலகா. வண்டி அதேதான்."

அவள் பிளேடை அவன் கையிலிருந்து வாங்கிக் குப்பையில் போட்டாள். "எடுக்கறதுதான் எடுக்கறீங்க, பெயிண்டாவது நல்லா இருக்கட்டும்."

உள்ளே போய் ஹேர் டிரையரை எடுத்துவந்து, ஜன்னல் வழியாக ஒயரை இழுத்தாள். எதிர்வீட்டு ஷமீமாவின் மாமனார் பழவேற்காட்டில் மீன் பிடித்தவர். அவரிடமிருந்து தூண்டில் நரம்பு ஒரு முழம் வந்தது. கார் வாங்கினவங்க மீன் புடிக்கப் போறாங்களாமே என்று ஷமீமா கேட்டுச் சிரித்தாளாம்.

எழுத்துகளுக்குச் சூடு காட்டினாள். தகடு கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும், நரம்பை எழுத்துக்கும் பெயிண்டுக்கும் நடுவில் விட்டு, இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து, மரம் அறுப்பது போல மெதுவாக இழுத்தார்கள். உள்ளே இருந்த பசை நூல்நூலாக அறுந்து, எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கையோடு வந்தன. மிச்சப் பசையைக் கட்டைவிரலால் உருட்டி எடுத்து, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். ஒரு கீறல் இல்லை. அங்கே எழுத்து இருந்ததாகச் சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆனால் அன்றைக்கு அவள் காரில் ஏறவில்லை. பெரியபாளையம் போய் பவானியம்மன் கோயிலில் வண்டிக்குப் பூஜை போடுவதாக இருந்தது. தலை வலிக்கிறது என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். ஜெயராஜும் வற்புறுத்தவில்லை.

திங்கட்கிழமை காலை, ஃபேக்டரி பார்க்கிங்கில் காரைச் சுற்றிக் கூட்டம் கூடியது. ஸ்வீட் பாக்கெட்டோடு நின்ற ஜெயராஜ், ஜீப்பிலிருந்து பரசுராமன் இறங்குவதைப் பார்த்தான். அவர் நேராக வந்தார். காரை ஒரு சுற்று சுற்றினார். பின்னால் வந்ததும் நின்று, டிக்கியின் ஓரத்தில் விரலை வைத்து மெதுவாகத் தடவினார். ஸ்வீட்டைத் தொடாமல், ரூமுக்கு வரும்படி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ரூமுக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்தச் சொன்னார்.

"முன்னாடி ஃபாக் லேம்ப் இருக்குது. பின்னாடி வைப்பர் இருக்குது. டாப் மாடல்தானே?"

"ஆமா சார்."

"எழுத்த எடுத்துட்டே."

ஜெயராஜுக்கு ஸ்கிராப் யார்டின் துரு வாடை இப்போதே மூக்கில் ஏறியது. திலகவதியின் மனசையும் நோகடித்து, எழுத்தை எடுத்தும் பிரயோஜனம் இல்லாமல் போய்விட்டதே என்றுதான் அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றியது.

"யாரு எடுத்துக் குடுத்தது?"

"என் ஒய்ஃப், சார். அவங்களுக்கு இதுல இஷ்டமே இல்ல. நான்தான் பயந்துகினு எடுக்கச் சொன்னேன்."

பரசுராமன் எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். நாற்காலியை அவன் பக்கமாக நகர்த்திப் போட்டு உட்கார்ந்து, குரலை இறக்கினார்.

"புதன்கிழமை எம்.டி. வர்றாரு, ஜெயராஜ். நான் புதுசா எடுத்த வண்டியும் அவரு வண்டியும் ஒண்ணுதான், ஆனா என்னுது டாப் மாடல், ஒரு படி மேல. ஒரு வாரமா ஊட்ல மூடி வச்சிருக்கேன்."

ஜெயராஜ் நிமிர்ந்து பார்த்தான்.

"உங்க ஒய்ஃப் எனக்கும் எடுத்துக் குடுப்பாங்களா?"