வரும்போது ஏத்தம்

வெள்ளிக்கிழமை போகிற டிக்கட்டை அச்சடித்து நீட்டினால், சிசிலி அதை வாங்காமல், வருகிற விமானம் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

ஹட்டன் டவுனில் போட்டோ கொப்பி கடை வைத்திருக்கும், எல்லோரும் அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் ஹிஷாமுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு எடுத்திருப்பது போகிற டிக்கட் மட்டும். தோஹாவில் ஒரு வீட்டில் வேலை, இரண்டு வருடம். ஐந்து வயது மகளை வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் புருஷனிடம் விட்டுவிட்டுப் போகிறாள். இன்னும் ஏறவே இல்லை, அதற்குள் இறங்குகிற நேரமா?

ஆனாலும் கம்பியூட்டரில் பார்த்தார். இந்த மாதிரிக் கேள்வி என்றால் மனிதருக்குக் கொள்ளை ஆசை.

காலை பத்துக்குக் கட்டுநாயக்காவில் ஏறினால், பன்னிரண்டரைக்குத் தோஹா. வரும்போது காலை எட்டுக்கு அங்கே ஏறினால், இங்கே இறங்குவது பிற்பகல் மூன்றரைக்கு.

சிசிலி விரல் விட்டு எண்ணினாள். எண்ணி முடித்ததும் முகமெல்லாம் பூரித்துப்போனது.

“போகயில ரெண்டரை மணி, வரயில ஏழு மணிக்கு மேல. பாத்தீங்களா நானா, ஏத்தந்தான்!”

ஹிஷாமுக்கு முதலில் விளங்கவில்லை. அவளே சொன்னாள். கொழும்புக்கு இறங்குகிற ரயில் வழுக்கிக்கொண்டு போய்விடும், திரும்பி மலை ஏறுகிற ரயில்தான் முக்கி முனகி நின்று நின்று வரும். பஸ்ஸும் அப்படித்தான். வீடு மேலே இருக்கிறவர்களுக்கு வருவதுதான் தாமதம் என்று அவளுடைய அப்பா அடிக்கடி சொல்வாராம்.

ஹிஷாமுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“ஆகாயத்துல ஏது தங்கச்சி ஏத்தம்? இங்க பத்து மணி எண்டா அங்க ஏழரைதான். அவங்கட மணிக்கூடு பிந்தி. போனாலும் வந்தாலும் அஞ்சு மணித்தியாலம்.”

திரையை அவள் பக்கம் திருப்பி, இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே கோடு இழுத்துக் காட்டினார். மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் சொச்சம். எந்தப் பக்கமிருந்து அளந்தாலும் அதேதான். ஆச்சரியப்படுவாள் என்று நிமிர்ந்து பார்த்தார்.

அவள் முகம் விழுந்துபோயிருந்தது.

“அப்ப ரெண்டும் ஒண்ணுதானா?”

“ஒண்ணேதான்.”

சிசிலி டிக்கட்டை எடுத்து இரண்டாக மடித்தாள். பிறகு நாலாக மடித்தாள்.

“எங்கம்மா தோஹாவுக்குப் போறப்ப எனக்கு ஏழு வயசு. ஏன் இன்னும் வரலன்னு கேக்குறப்பெல்லாம், வரயில ஏத்தம்மான்னு அப்பா சொல்லுவாரு.”

அது சின்னப் பிள்ளையைச் சமாதானப்படுத்தச் சொன்னது என்று அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும், இன்றைக்கு அந்த மணிக்கணக்கைப் பார்த்ததும் அப்பா சொன்னது நிஜம்தான் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டுவிட்டாள்.

ஹிஷாமுக்கு ஏன் வாயைத் திறந்தோம் என்று ஆகிவிட்டது. திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சிசிலி படியில் இறங்கினாள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் நாலு எட்டு வைத்துவிட்டு, திரும்பி வந்தாள்.

“எம்மக அனோஜாவும் ஒருநாளு வந்து கேப்பா நானா. இதே மாதிரி கோடு போட்டுக் காட்டுங்க. ஏத்தம்னு மட்டும் சொல்லிறாதீங்க.”