வியாகப்பனின் நினைவுநாள்

“செத்துப்போன தாத்தா எப்படிம்மா மணி அடிக்கிறாரு?” என்று பூசையின் நடுவே ஒரு குழந்தை உரக்கக் கேட்டது. கோயிலே திரும்பிப் பார்த்தது. எங்கள் கத்தோலிக்கப் பங்கின் இணையதளத்தில், அன்றன்று நினைவுநாள் வரும் இறந்தவர்களின் பெயர்களைக் காட்டும் ஒரு பகுதியை எழுத என்னை அமர்த்தியிருந்தார்கள். எனக்கு அது முதல் வேலை. சரிபார்ப்பதற்காக, மணி அடிக்கும் கோயில்பிள்ளை வியாகப்பனின் பெயரைப் போட்டுப் பார்த்தவன் அழிக்க மறந்துவிட்டேன். பூசையில் அந்தப் பட்டியலைப் படித்த பங்குச்சாமியார் அதையும் சேர்த்து வாசித்துவிட்டார். பூசை முடிந்ததும் பங்குப் பேரவைச் செயலாளர், “இவன் வேண்டாம் சாமி, வேற ஆளப் பாப்போம்” என்றார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. மணிக்கயிற்றை விட்டுவிட்டு வந்த வியாகப்பன், “நாந்தான் சாமி போடச் சொன்னேன். நமக்காக ஊரு வேண்டுறத உசுரோட இருக்கையிலயே கேட்டுரணும்ல?” என்றார். சாமியாரே சிரித்துவிட்டார். வேலை எனக்கு நிலைத்தது. கோயிலுக்குள் அவர் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும்.

இருபது வருடங்களாக அந்தத் தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் வியாகப்பன் காலமானார். பெயர் எழுதிக் கொடுக்க அவருக்கென்று யாருமில்லை. செய்தி வந்த மத்தியானம், அறையில் தனியாக உட்கார்ந்து அந்தப் பழைய பக்கத்தைத் திறந்தேன். அவர் பெயரைப் போட்டேன். தேதியைப் போட்டேன். ‘ஆண்டுதோறும்’ என்ற கட்டத்தைத் தொட்டேன். இந்த முறை அழிக்க வேண்டியதில்லை. சேமித்துவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன்.